பாதிக்கப்பட்டவர்தான் முதலில் போக வேண்டுமா? அருட்தந்தை ராபர்ட் ஷ்ரைட்டர் சொன்னதும் சொல்லாததும்

உங்கள் கேள்வியை மூன்று முறை படித்தேன். குடும்பம் உழைத்த தோட்டம் கைமாறியபோது, குடும்பத்துக்கென்று ஒதுக்கப்பட்ட மலிவு விலை வீட்டை உங்கள் அண்ணன் தம் பெயரில் மட்டும் பதிந்துகொண்டார். அம்மா கடைசி நான்கு ஆண்டுகளை உங்களோடு ஒரு வாடகை அறையில் கழித்து அங்கேயே இறந்தார். பதினோர் ஆண்டுகளாக அண்ணனுக்கும் உங்களுக்கும் பேச்சு இல்லை. இந்தத் தவக்காலத் தியானத்தில் போதித்தவர், ஒப்புரவை, அதாவது முறிந்த உறவு மீண்டும் கூடுவதைப் பற்றி ஆழமாக எழுதிய ராபர்ட் ஷ்ரைட்டர் என்ற அமெரிக்கக் குருவின் பெயரைச் சொல்லி, பாதிக்கப்பட்டவரே முதலில் போக வேண்டும், ஆகவே உயிர்ப்பு விழாவுக்குள் போய்ச் சமாதானம் செய்துகொள்ளுங்கள் என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் உண்மையில் அப்படிச் சொன்னாரா என்பது நீங்கள் எழுத்தில் கேட்டிருக்கும் கேள்வி. என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது போதாதென்று, எடுத்தவருக்கு மன்னிப்பையும் நானே சுமந்துகொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமா என்பது அதற்கு அடியில் இருக்கும் கேள்வி என்று நான் புரிந்துகொள்கிறேன். இரண்டுக்கும் என்னால் இயன்றவரை பதில் எழுதுகிறேன்.

நான் குரு அல்லேன். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பால்மரம் வெட்டிய பெற்றோருக்குப் பிறந்து, தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே முப்பது ஆண்டுகளுக்கு மேல் பங்கில் உபதேசியாராகவும் இருந்தவன். இடையில் மூன்று ஆண்டு இறையியல் படித்தபோது ஷ்ரைட்டரின் நூல்கள் பாடமாக வந்தன. அதன்பின் அன்பியம் என்னும் அக்கம்பக்கத்துச் செபக் கூட்டங்களிலும், சாவு வீடுகளிலும், சொத்தைப் பிரிக்கும்போது முறிந்துபோன குடும்பங்களின் வாசல்களிலும் அந்த நூல்கள் எவ்வளவு தூரம் தாங்குகின்றன என்று பார்த்திருக்கிறேன். மனநல மருத்துவமும் சட்டமும் என் துறைகள் அல்ல. உங்கள் அண்ணனின் தரப்பை நான் கேட்டதில்லை என்பதையும் மறக்காமல் எழுத வேண்டியிருக்கிறது. ஷ்ரைட்டர் திட்டவட்டமாக எழுதியவை, அவரைப் படித்ததிலிருந்து நான் எடுத்துக்கொண்டவை, அறிஞர்களிடையே இன்னும் வழக்காடப்படுபவை ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று கலந்துவிடாதபடி சொல்ல முயல்கிறேன்.

ராபர்ட் ஷ்ரைட்டர் 1947 இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் பிறந்தவர். விலைமதிப்பற்ற திருஇரத்தத்தின் மறைபரப்பாளர்கள் என்ற சபையைச் சேர்ந்தவர். நெதர்லாந்தின் நைமேகன் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஸ்கில்லபெக்ஸ் என்ற புகழ்பெற்ற டொமினிக்கன் இறையியலாளரிடம் முனைவர் பட்டம் பெற்று, 1974 முதல் சிகாகோவின் கத்தோலிக்க இறையியல் கல்லூரியில் பல்லாண்டுகள் கற்பித்து, 2021 இல் மறைந்தார். அந்தந்த மண்ணின் பண்பாட்டிலிருந்து இறையியல் எப்படி முளைக்கிறது என்பதைப் பற்றி 1985 இல் வந்த நூல்தான் அவரை முதலில் உலகறியச் செய்தது. ஒப்புரவைப் பற்றிய சிறிய நூல் 1992 இலும், அதன் ஆன்மிகத்தையும் வழிமுறைகளையும் விரித்த பெரிய நூல் 1998 இலும் வந்தன. அவருடைய சபையின் வரலாறும் இங்கே பொருந்திவருகிறது. 1815 இல் அதைத் தொடங்கிய புனித கஸ்பார், இத்தாலியில் கொள்ளையர் நடமாடிய மலையூர்களுக்கே போய்ப் போதித்தவர். சிலுவையில் சிந்திய இரத்தத்தால் அமைதி உண்டாயிற்று என்ற கொலோசையர் திருமுகத்தின் வரியை நெஞ்சில் ஏந்திய ஒரு சபையில் வளர்ந்தவர், பிற்காலத்தில் கரித்தாஸ் அனைத்துலக அமைப்பின் அமைதிப் பணிக்கு ஆலோசகராகவும் இருந்தார். சிந்திய இரத்தத்தைப் பற்றி அவர் எழுதும்போது அது வெறும் உவமையாக இருப்பதில்லை.

அவர் எழுதிய காலமும் முக்கியம். சிலியில் சர்வாதிகார ஆட்சி 1990 இல் முடிந்து, காணாமல் போனவர்களைப் பற்றிய உண்மை ஆணையத்தின் அறிக்கை 1991 இல் வந்தது. கிழக்கு ஐரோப்பாவில் சுவர்கள் விழுந்திருந்தன. தென்னாப்பிரிக்கா இனவொதுக்கலிலிருந்து வெளியே வரப் போராடிக்கொண்டிருந்தது. எங்கும் ஆட்சியாளர்களும் சில இடங்களில் திருச்சபைத் தலைவர்களும் 'நடந்தது நடந்துவிட்டது, இனி ஒப்புரவாகுங்கள்' என்று பாதிக்கப்பட்ட மக்களைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தென்னாப்பிரிக்க இறையியலாளர்கள் 1985 இல் வெளியிட்ட கைரோஸ் ஆவணம், நீதியில்லாமல் ஒப்புரவு பேசுகிற இந்தப் போதனையைத்தான் கடுமையாகக் கண்டித்தது. அதே போக்கை மறுத்துத்தான் ஷ்ரைட்டரும் பேனாவை எடுத்தார். அவருடைய பெயராலேயே அந்தப் போக்கு உங்கள் தியானக் கூட்டத்தில் திரும்பி வந்திருப்பதைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது.

இனி அவர் சொன்னதற்கு வருகிறேன். பவுலின் திருமுகங்களிலிருந்து அவர் எடுத்துவைக்கும் அடிப்படை இது: ஒப்புரவைத் தொடங்குபவர் கடவுள், அதை அவர் பாதிக்கப்பட்டவரிடமிருந்து தொடங்குகிறார். நாம் பழகிய வரிசையில், தவறு செய்தவர் மனம் வருந்துவார், மன்னிப்புக் கேட்பார், பாதிக்கப்பட்டவர் மன்னிப்பார், அதன்பின் ஒப்புரவு நிகழும். நடைமுறையில் தவறு செய்தவர்கள் பெரும்பாலும் வருந்துவதில்லை. சிலர் செத்துப்போய்விடுகிறார்கள், சிலர் தாங்கள் செய்ததே சரி என்று கடைசிவரை நம்புகிறார்கள். அப்படியானால் பாதிக்கப்பட்டவரின் குணமடைதல், காயப்படுத்தியவரின் மனமாற்றத்துக்காக வாயிலில் காத்து நிற்க வேண்டியதாகிவிடும். ஒரு முறை அவர் கையில் சிக்கிய வாழ்வு நிரந்தரமாக அவர் கையிலேயே இருக்கும். இந்தப் பிடியைத்தான் ஷ்ரைட்டர் உடைக்கிறார். காயப்பட்டவரின் பறிக்கப்பட்ட மாண்பைக் கடவுள் நேரடியாக அவருக்கே திருப்பித் தருகிறார், அதற்கு எதிராளியின் அனுமதி தேவையில்லை என்பது அவருடைய வாதம். அந்த அருளை உணர்ந்தவரிடமிருந்து மன்னிப்பு பிறக்கலாம். அந்த மன்னிப்பு தவறு செய்தவரை மனமாற்றத்துக்கு அழைக்கலாம். வரிசை இப்படித் தலைகீழாகிறது.

கவனித்துப் பாருங்கள், அந்த வரிசையின் தொடக்கத்தில் நிற்பவர் கடவுள்; நீங்கள் பெறுபவர். 'பாதிக்கப்பட்டவரிடமிருந்து தொடங்குகிறது' என்பதைப் 'பாதிக்கப்பட்டவர் தொடங்க வேண்டும்' என்று மாற்றிச் சொல்லும்போது எழுவாய் மாறிவிடுகிறது. அதோடு பொருளும் முழுக்க மாறிவிடுகிறது. பவுல் இந்த இடத்தில் மிகவும் கவனமாக எழுதியவர். மக்கபேயர் இரண்டாம் நூலில், கடவுள் தம் மக்களோடு மீண்டும் நல்லுறவு கொள்வார் என்ற நம்பிக்கை வருகிறது. அங்கே சினம் தணிய வேண்டியவர் கடவுள். பவுல் அதே கிரேக்கச் சொல்லை எடுத்து, கடவுளே நம்மை ஒப்புரவாக்குகிறார் என்று திசையை மாற்றுகிறார். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் மனிதருக்கு இடப்படும் முதல் கட்டளையும் ஒப்புரவாக்குங்கள் என்று வரவில்லை. ஒப்புரவாகுங்கள் என்றே வருகிறது. தமிழில் நமக்குக் கூடுதலாக ஒரு கொடையும் இருக்கிறது. விவிலியத்தை மொழிபெயர்த்தவர்கள் தேர்ந்துகொண்ட ஒப்புரவு என்ற சொல், ஒப்புரவறிதல் என்ற வள்ளுவரின் இருபத்திரண்டாம் அதிகாரத் தலைப்பில் இருக்கிறது. அங்கே அதற்கு ஊரோடு ஒத்து உதவி வாழ்தல் என்பது பொருள். அதன் முதல் குறளே 'கைம்மாறு வேண்டா கடப்பாடு' என்று மழையைக் காட்டித் தொடங்குகிறது. மழைக்கு உலகம் என்ன திருப்பிச் செய்துவிட முடியும்? ஷ்ரைட்டர் பக்கம் பக்கமாக விளக்கும் அருள் என்ற கருத்துக்கு, மாரியைக் கைகாட்டும் அந்த அரைக் குறளைவிட நெருக்கமான தமிழ் எனக்குக் கிடைக்கவில்லை. இது என் இணைப்பு, அவருடையது அன்று.

போதகர் சொன்னதுபோன்ற அறிவுரையை ஷ்ரைட்டர் 1992 நூலில் பெயர் சொல்லியே மறுக்கிறார். ஒப்புரவு என்ற பெயரில் வரும் மூன்று போலிகளை அவர் காட்டுகிறார். நடந்ததைப் பேசாமல் மூடிவிட்டு அவசரமாகக் கைகுலுக்கச் சொல்வது முதலாவது; அவருடைய கணிப்பில், இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் தீங்கு செய்தவர்களோ அவர்களுக்கு வேண்டியவர்களோதான். அநீதியின் காரணத்தை அப்படியே விட்டுவிட்டு, விடுதலைக்குப் பதிலாக ஒப்புரவை முன்வைப்பது இரண்டாவது. ஒப்புரவை ஒரு பேச்சுவார்த்தை உத்தியாக எண்ணி, இரு தரப்பும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் இத்தனை நாளுக்குள் முடிந்துவிடும் என்று நடத்துவது மூன்றாவது. உயிர்ப்பு விழாவுக்குள் என்று நாள் குறித்தது இந்த மூன்றாவதற்குள் அப்படியே அடங்கும். ஒப்புரவு ஓர் உத்தியைவிட ஆன்மிகமே என்பது அவர் 1992 இலேயே அழுத்திச் சொன்னது. 1998 இல் வழிமுறைகளுக்கும் உரிய இடம் கொடுத்தாரே தவிர, அந்த முதன்மையைக் கைவிடவில்லை.

போதகர் மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தையும் காட்டியிருப்பார் என்று ஊகிக்கிறேன்: காணிக்கையைப் பீடத்தின்முன் வைத்துவிட்டுப் போய் முதலில் உன் சகோதரரோடு நல்லுறவு ஏற்படுத்திக்கொள் என்ற பகுதி. அதை மெதுவாகப் படியுங்கள். உன் சகோதரருக்கு உன்மேல் மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால் என்றுதான் அது தொடங்குகிறது. அதாவது, பிறருக்குக் குறை வைத்தவரைப் பார்த்துச் சொல்லப்பட்டது அது. உங்கள் வீட்டுக் கதையில் அந்த வசனம் தேடிப்போவது அண்ணனைத்தான். பாதிக்கப்பட்டவர் போவதைப் பற்றிய பகுதி பதினெட்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. அங்கே அவர் போவது, தனித்திருக்கும்போது குற்றத்தை எடுத்துக்காட்டுவதற்கு. கேட்காவிட்டால் ஒருவர் இருவரைச் சாட்சியாக உடன் அழைத்துச் செல்வதற்கு. பவுலின் சொந்த அனுபவமும் இதே மாதிரிதான். தமஸ்கு வழியில் துன்புறுத்தப்பட்ட இயேசுதாம் துன்புறுத்திய பவுலைத் தேடி வந்தார் என்பது உண்மை. ஆனால் அவர் வாயிலிருந்து வந்த முதல் சொற்கள் சமாதானச் சொற்களாக இல்லை. ஏன் என்னைத் துன்புறுத்துகிறாய் என்ற கேள்வியாக இருந்தன. பாதிக்கப்பட்டவர் எடுத்துவைக்கும் முதல் அடி, நடந்ததற்குப் பெயர் வைப்பது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

இந்தப் பெயர் வைப்பதைப் பற்றி ஷ்ரைட்டர் எழுதிய பக்கங்களே எனக்கு எல்லாவற்றிலும் அருமையானவை. ஒவ்வொருவரும் தாம் யார் என்பதை ஒரு கதையாக வைத்துக்கொண்டிருக்கிறோம். வன்முறையும் அநீதியும் அந்தக் கதையைக் கிழித்துவிட்டு, நீ ஒன்றுமில்லாதவள், நீ சொல்வதை யாரும் கேட்கமாட்டார்கள் என்ற பொய்க் கதையை அந்த இடத்தில் வைத்துவிடுகின்றன என்கிறார் அவர். காயப்பட்டவர் தம் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான். பாதுகாப்பான இடமும் கேட்கும் காதும் கிடைத்தால், ஒருநாள் அந்தக் கதை வேறு மாதிரி வெளிவரும். இதைப் புத்தகத்தில் படித்தபோது தலையாட்டினேன். கண்ணால் பார்த்தது எங்கள் அன்பியத்தில்.

1942, 1943 ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் கொண்டுபோகப்பட்டதும், காலராவிலும் பட்டினியிலும் அடியிலும் அவர்கள் கூட்டம் கூட்டமாக மாண்டதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அப்படித் தகப்பனைப் பறிகொடுத்த பாட்டி ஒருவர் எங்கள் செபக் கூட்டத்தில் இருந்தார். அப்போது அவருக்கு ஆறு வயது. யார் எதைப் பேசினாலும் அவர் கதை அங்கேதான் போய் நிற்கும், சொற்கள்கூட மாறாது. 'காலையில் பெரட்டில் (ஆள்கணக்கு எடுக்கும் இடத்தில்) பேர் வாசித்தார்கள். அப்பா பேரைக் கிராணி (தோட்டத்துக் கணக்கர்) எழுதிக் கொடுத்திருந்தார். மங்குத் தட்டில் இருந்த கஞ்சியைப் பாதியோடு வைத்துவிட்டுப் போனார்.' அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு சொல் வராது. நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த பாடலைத் தொடங்குவோம். சில ஆண்டுகள் கழித்து, அதே கூட்டத்துக்கு வந்துகொண்டிருந்த ஒருவர், பேர் எழுதிய அந்தக் கிராணியின் பேரர், பாட்டி சொல்லி முடித்ததும் பாடலைத் தொடங்கவிடாமல் நிறுத்தி, 'அந்தப் பேரை எழுதியது என் தாத்தா. எங்கள் வீட்டில் இதை யாரும் பேசியதில்லை. எனக்குத் தெரியும், பாட்டி' என்றார். கிராணிமார் மறுத்திருந்தால் அவர்களுக்கும் என்ன நேர்ந்திருக்கும் என்பதை அங்கிருந்த எல்லாரும் அறிவோம். அவர் அதைச் சாக்காகச் சொல்லவில்லை. பாட்டி ஒன்றும் பேசவில்லை. மன்னித்தேன் என்று அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லி நான் கேட்டதில்லை. அடுத்த மாதக் கூட்டம் அந்தப் பேரரின் வீட்டில் முறை வந்தபோது, பாட்டி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அன்று கதையின் கடைசி வரி மாறியிருந்தது. 'பாதிக் கஞ்சியை வைத்துவிட்டுப் போனார். அது எனக்கும் தம்பிக்கும் வைத்தது. நாங்கள்தான் குடித்தோம்.' அறுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பசியோடு போன தகப்பனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர், பிள்ளைகளுக்கு மிச்சம் வைத்த தகப்பனை அன்று பார்த்தார் என்று நினைக்கிறேன். நடந்தது அதேதான், ஒரு எழுத்தும் மாறவில்லை.

மன்னிப்பதால் நாம் மறப்பதில்லை, வேறு விதமாக நினைவுகூர்கிறோம் என்று ஷ்ரைட்டர் எழுதியதன் பொருள் எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. நம் ஊரில் மன்னிப்பு என்றதும் மறதியைச் சேர்த்தே சொல்லிவிடுகிறோம். அதற்கு வள்ளுவரையும் துணைக்கு அழைக்கிறோம். 'பொறுத்தல் இறப்பினை என்றும் அதனை மறத்தல் அதனினும் நன்று' என்ற குறள் பொறையுடைமை அதிகாரத்தில் இருக்கிறது. ஷ்ரைட்டர் சொல்வது அதற்கு எதிராகத்தான் தோன்றும். இருவரையும் பல நாள் சேர்த்துப் படித்த பிறகு எனக்குத் தோன்றுவது, வள்ளுவர் பொறுக்கும் வலிமை உடையவரைப் பார்த்து, அவரே அடையக்கூடிய உயரத்தைச் சொல்கிறார் என்பது. அந்த மறதியைப் பிறர்மேல் கட்டளையாக ஏற்றும் உரிமையை அந்தக் குறள் யாருக்கும் கொடுக்கவில்லை. உயிர்த்த இயேசுவின் உடலிலும் காயங்கள் அப்படியே இருந்தன, தோமாவுக்கு அவற்றையே காட்டினார் என்பதை ஷ்ரைட்டர் விடாமல் நினைவூட்டுகிறார். பால் வெட்டிய வீட்டுப் பிள்ளைக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது. கத்தி பட்டையோடு நின்றால் புதுப்பட்டை வழவழப்பாக வளர்ந்து, சில ஆண்டுகளில் மறுபடியும் அந்த இடத்தில் வெட்டலாம். கத்தி ஆழமாக இறங்கி மரத்தைத் தொட்டுவிட்டால் காயம் ஆறும், ஆனால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாகத்தான் ஆறும். அங்கே திரும்பவும் கத்தி வைக்க முடியாது. அந்த மரம் செத்த மரமன்று. வேறு பக்கத்தில் பால் கொடுத்துக்கொண்டு நிற்கும்.

இவ்வளவும் நான் உறுதியாகச் சொல்லக்கூடியவை. உறுதி குறைந்த இடங்களும் உண்டு. கடவுள் பாதிக்கப்பட்டவரிடம் தொடங்குகிறார் என்ற கருத்து எவ்வளவு கவனமாகச் சொல்லப்பட்டாலும், நடைமுறையில் அது பாதிக்கப்பட்டவர்மேல்தான், குறிப்பாகப் பெண்கள்மேல்தான், சுமையாக வந்து விழுகிறது என்ற குற்றச்சாட்டு இருக்கிறது. உங்கள் கடிதமே அதற்குச் சான்று. கருத்தில் குறை இல்லை, பயன்படுத்துபவர்களிடம்தான் குறை என்று முன்பெல்லாம் நான் வாதாடியிருக்கிறேன். அடி உதை நடக்கும் வீடுகளுக்குப் போய்ப் பார்த்த பிறகு அவ்வளவு எளிதாக வாதாட முடியவில்லை. ஆபத்து நின்றபாடில்லாத இடத்தில் ஒப்புரவு என்ற சொல்லை எடுக்கவே கூடாது, முதலில் பாதுகாப்பு என்பது இன்று என் முடிவு. பாதுகாப்பான இடத்தைத்தான் ஷ்ரைட்டரும் முதல் தேவையாக வைக்கிறார். அந்த வரியைப் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கலாம் என்று எனக்கு ஆசை.

தனி மனிதருக்குப் பொருந்துவது ஒரு நாட்டுக்கும் பொருந்துமா என்பது இன்னொரு வழக்கு. தனியாள் ஒப்புரவும் சமூக ஒப்புரவும் வெவ்வேறு வழிகளில் நடப்பவை, ஒன்று மற்றதைத் தானாகக் கொண்டுவந்துவிடாது என்று ஷ்ரைட்டரே பிரித்துக் காட்டுகிறார். எங்கள் ஊரில் இருந்துகொண்டு இதை மறுக்க முடியாது. சுங்கை சிப்புட் தோட்டங்களில் 1948 ஜூன் 16 அன்று மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்துதான் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் வந்து, 1960 வரை நீடித்தது. 1989 டிசம்பர் 2 அன்று தாய்லாந்தின் ஹட்யாயில் உடன்படிக்கை கையெழுத்தாகிக் கம்யூனிஸ்டுகள் ஆயுதத்தைக் கீழே வைத்தார்கள். ஆயினும் அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளைப் பற்றி ஒரு சீனப் பெரியவரும், ஒரு மலாய்ப் போலீஸ்காரரின் மகனும், வேலிக்குள் அடைபட்டுக் கிடந்த தோட்டத்துக் கிழவியும் சொல்லும் கதைகளை ஒரே மேசையில் வைத்துக் கேட்ட ஒரு மாலையைக்கூட என் ஆயுளில் நான் பார்த்ததில்லை. அங்கே எந்த ஆன்மிகம் போதும் என்று என்னால் சொல்ல முடியாது.

உங்கள் விஷயத்துக்குத் திரும்புகிறேன், சகோதரி. உயிர்ப்பு விழாவுக்குள் நீங்கள் அண்ணன் வீட்டுக்குப் போகாவிட்டால், ஷ்ரைட்டரின் போதனைப்படி நீங்கள் எதையும் மீறியவர் ஆகமாட்டீர்கள். உங்கள் கோபத்தில் பெரும்பகுதி அம்மாவின் மாண்புக்காக எழுந்தது என்று உங்கள் எழுத்திலேயே தெரிகிறது. அதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல விரும்பினால் சொல்லுங்கள், ஆனால் அதில் எது பகை, எது நீதியின் தாகம் என்று பிரித்துக் கேட்கத் தெரிந்த குருவிடம் சொல்லுங்கள். வீட்டின் உரிமையைப் பற்றிய கேள்வியை ஒரு வழக்கறிஞரிடம் கொண்டுபோவதும் மன்னிப்புக்கு எதிரானதன்று. தண்டிக்கும் நீதி, இழந்ததைத் திருப்பித் தரும் நீதி, அமைப்பையே சரிசெய்யும் நீதி என்று ஷ்ரைட்டர் பிரித்து எழுதுகிறார். மன்னிப்பு அவற்றில் எதையும் ரத்துசெய்துவிடுவதில்லை. தோட்டம் கைமாறும்போது பல தலைமுறை உழைத்த குடும்பத்துக்கு ஒரே வீடு, அதுவும் ஒரே பெயரில் என்று வந்தது உங்கள் அண்ணன் தனியாகச் செய்த ஏற்பாடு அன்று என்பதையும் ஒருநாள் நினைத்துப் பாருங்கள். அவர் செய்ததற்கு அது நியாயமாகாது. ஆனால் எத்தனையோ குடும்பங்களில் அண்ணன் தங்கையை எதிரெதிராக நிறுத்தியது அந்த ஏற்பாடுதான், அதை யாரும் தவக்காலத் தியானத்தில் கேட்பதில்லை.

உடனடியாகச் செய்யக்கூடிய ஒன்று உண்டு. அம்மாவின் அந்த நான்கு ஆண்டுகளை முழுமையாக, அவசரப்படுத்தாமல் கேட்கக்கூடிய ஒருவர் அல்லது இருவரைத் தேடிக்கொள்ளுங்கள். அறை எப்படி இருந்தது, அம்மா எதைச் சாப்பிட ஆசைப்பட்டார், அண்ணனைப் பற்றிக் கேட்டாரா என்பதையெல்லாம் அவர்களிடம் சொல்லுங்கள். அறிவுரை சொல்லத் தொடங்குகிறவர்களை விட்டு விலகிவிடுங்கள். அண்ணனிடம் போவதா வேண்டாமா என்பது அந்தக் கதை எங்கே போய் நிற்கிறது என்பதைப் பொறுத்து உங்களுக்கே தெரியவரும். தெரியவராமலும் போகலாம், அப்போதும் உங்களைக் குணமாக்கும் வேலையைக் கடவுள் நிறுத்திவைத்திருப்பதில்லை என்பதுதான் ஷ்ரைட்டர் சொன்னதன் சாறு.

எங்கிருந்து படிக்கத் தொடங்குவது என்றும் கேட்டிருந்தீர்கள். 1998 நூலின் முதல் பகுதி, உயிர்த்தபின் இயேசு தோன்றிய நிகழ்ச்சிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தியானிக்கிறது; ஆங்கிலம் கடினமாக இருந்தாலும் அது பின்தொடரக்கூடியதே. அதற்கு முன் தமிழ் விவிலியத்தில் யோவான் 18 ஆம் அதிகாரத்தையும் 21 ஆம் அதிகாரத்தையும் ஒரே மூச்சில் படித்துவிடுங்கள். கரி நெருப்பு இரண்டிலும் வருகிறது. முதல் நெருப்பு எரிந்த இரவில் பேதுரு இயேசுவை மூன்று முறை மறுதலிக்கிறார். இரண்டாம் நெருப்பை மூட்டியவர் மறுதலிக்கப்பட்டவர். அதன்மேல் மீன் வெந்துகொண்டிருக்கிறது, அப்பமும் இருக்கிறது. எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் அவர் பேதுருவிடம், என்மீது அன்பு செலுத்துகிறாயா என்ற கேள்வியைக் கேட்கிறார். கேட்காமல் விடவும் இல்லை, மூன்று முறை கேட்கிறார்.